கண்ணைத் திறந்து சொல்வது

அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் இருந்தாலும் அது முதலில் ஆண்டவருக்குத்தான் போகும். போகிற வழியில் சம்பந்தப்பட்டவர் காதிலும் விழுந்துவிடும். அதுதான் அங்கே ஏற்பாடு.

இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் குடும்ப ஜெபம். மாமனார் வேதாகமத்தில் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசிப்பார். ஒரு பாட்டு பாடுவார்கள். பிறகு மாமியார், மகன், மருமகள் என்று வரிசையாக ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் இடைமறிக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது. மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு மனுஷிக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

மாமியார் ஊருக்குப் பொதுவாகத்தான் தொடங்குவார். "அன்பின் பரலோக பிதாவே, இந்த நாள் முழுவதும் எங்களைக் காத்த கிருபைக்காக ஸ்தோத்திரம்." நோயாளிகள், விதவைகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு மெல்ல வீட்டுக்குள் நுழைவார். "குளியலறை விளக்கை அணைக்காமல் வருகிறவர்களுக்கு நல்ல ஞாபகத்தைத் தாரும் ஆண்டவரே. வாசலுக்குக் குறுக்கே பாதரட்சைகளைக் கழற்றிப் போடுகிறவர்களுக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடும்."

பாதரட்சை என்பது மகனுடைய பூட்ஸ். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் எருமை படுத்த மாதிரி அந்தப் பூட்ஸ் வாசலில் கிடக்கும். அடுத்து அவன் முறை. "களைத்து வருகிறவர்களை வாசலிலேயே மறிக்காத பொறுமையை எல்லாருக்கும் கட்டளையிடும்" என்பான்.

இரண்டுக்கும் மாமனார் ஒரே மாதிரி "ஆமென்" என்பார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். குரல் இன்னும் ஹாரன் மாதிரி இருக்கும். "நான் வாசிச்சிட்டேன்ல" என்று ஜெபத்திலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு, யார் யாரைத் தாக்கினாலும் பாரபட்சமில்லாமல் ஆமென் சொல்லுவார். சபையில் அவருக்கு ஆமென் மாமா என்றே பெயர்.

மருமகள் வந்த புதிதில் இது புரியாமல் விழித்தாள். முதல் வாரம், "சமையலுக்கு உப்பு என்று ஒன்று உண்டு என்பதை நினைப்பூட்டும்" என்று மாமியார் ஜெபித்தபோது, சபையில் யாரோ உப்புக்கே வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்து, உருக்கமாக ஆமென் சொன்னாள். கணவன் கண்ணை மூடியபடியே தோள் குலுங்கச் சிரித்தான்.

புரிந்த பிறகு அவளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அவள் கூச்சக்காரி. மருத்துவமனை லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிற வேலை. "கையை நீட்டுங்க. விரலை மடக்கிக்கோங்க. இப்போ லேசா குத்தும்." அங்கே இந்த மூன்றுக்கு மேல் பேச வேண்டிய தேவை இருக்காது. மூன்றாவதைச் சொல்லாமல் மட்டும் அவள் யாரையும் குத்தியதில்லை. அசந்து தூங்குகிற நோயாளியிடமும் காதருகில் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள். வீட்டில் அந்த மூன்றும் பயன்படாது. இன்னொரு தலையணை வேண்டும் என்பதைக்கூட அவளால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. "தலை வைத்துப் படுக்க வசதியில்லாதவர்களை நினைத்தருளும்" என்று ஜெபித்தாள். மறுநாள் கட்டிலில் புதுத் தலையணை இருந்தது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் ஒரு திங்கட்கிழமை லேபின் பெரிய மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல ரத்தம் எடுக்க மட்டும் ஒரு கிளை திறக்கறோம். நீ பொறுப்பா பாத்துக்கறியா? வெறும் வயித்தோட வர்றவங்க, வேலைக்கு ஓடறதுக்கு முன்னாடி வருவாங்க. விடியும்போது கதவு திறந்திருக்கணும். அதான் ஒரே சங்கடம்."

"யோசிச்சு சொல்றேன் மேடம்."

"யோசி. ஆனா வெள்ளிக்கிழமை தாண்டிடாத. நீ இல்லன்னா வேற ஆள் பாக்கணும்."

அன்று மாலை அவள் போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். புதுப் பெயிண்ட் வாசனை. ஒரு நாற்காலி. தண்டவாளம் பக்கம் ஒரு சன்னல். மருத்துவமனையில் ஊசியைப் பார்த்து மயங்குகிறவர்களை நடைபாதைப் பெஞ்சில் சாய்த்து வைப்பதுதான் வழக்கம். எல்லாரும் அவர்களைத் தாண்டிப் போவார்கள். இங்கே சன்னலோரம் ஒரு கட்டில் போடலாம். ரயிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். குழந்தைகளுக்குக் குட்டை நாற்காலி. அவள் கைகளை விரித்துச் சுவரை அளந்து பார்த்தாள். கட்டில் பிடிக்கும்.

இவ்வளவு ஆசையாக எதையும் கேட்க அவளுக்குத் தோன்றியதில்லை. அதனாலேயே கேட்கப் பயமாக இருந்தது.

காலை நேரம்தான் கண்டம். வீட்டுக்கே சின்னவளான அவள் மகளை எழுப்பி, முட்டை அவித்து, ரொட்டியை மடித்து மதியத்துக்கு டப்பாவில் வைத்து, தலையைப் பின்னிக் கட்டி, வேன் ஹாரன் அடிப்பதற்குள் கீழே கொண்டு போய் விட வேண்டும். கணவனை நம்ப முடியாது. ஊரெல்லாம் அலுவலகம் போகிற அந்த நேரத்தில்தான் லிஃப்டுகள் நடுவழியில் நிற்கும். மாமனார் அந்த நேரத்தில் செய்தித்தாள் வாசிப்பார். மிச்சமிருப்பது மாமியார். அவர் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறார். நிதானமாக, வெயில் ஏறிய பிறகுதான் கிளம்புவார். ஆக, கேட்க வேண்டியது அத்தையிடம்.

செவ்வாய்க்கிழமை இரவு ஜெபத்தில் மெதுவாக எடுத்து வைக்கலாம் என்று அவள் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். 'வேலை ஸ்தலத்தில் நீர் திறந்திருக்கிற வாசலுக்காக' என்று ஆரம்பம்.

அன்று கணவன் வரவில்லை. எங்கோ ஒரு கல்யாணக் கூட்டமே லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தது. மாமியார் தொடங்கினார். நோயாளிகள், விதவைகள், பரீட்சைகள் எல்லாம் ஆயிற்று. விளக்கு வரவில்லை. பாதரட்சை வரவில்லை. சற்று நிறுத்தினார்.

"ஆண்டவரே, இருக்கிறது போதும் என்கிற மனதைத் தாரும். வீட்டை மறந்து வெளியே பெரிய ஆசை வைக்காதபடி காத்துக்கொள்ளும். ஏறக் கூடாத படியில் கால் வைக்க நினைத்தால் அந்த நினைப்பையே எடுத்துப் போடும்."

"ஆமென்" என்றார் மாமனார்.

மருமகளுக்கு முகம் சுட்டது. காலையில் அவள் பால்கனியில் நின்று தோழியிடம் போனில் பேசினாள். அது அத்தை காதில் விழுந்திருக்கும். கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்தியாயிற்று. தயார் செய்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. அவள் முறை. அவளுக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"பிதாவே, நீர் ஒவ்வொருவர் கையிலும் திறமை என்கிற தாலந்தைக் கொடுத்திருக்கிறீர். அதை மண்ணைத் தோண்டிப் புதைத்து வைக்கிற சோம்பேறித்தனத்தை எங்களை விட்டு அகற்றும். வயதையும் வீட்டையும் சாக்குச் சொல்லி அதைப் புதைக்க நினைக்கிற மனதோடு நீரே பேசும்."

"ஆமென்" என்றார் மாமனார், அதே பலத்தோடு.

கண்ணைத் திறந்தபோது மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய், கழுவி வைத்த தட்டுகளை மறுபடி கழுவினார். நன்றாகப் பட்டுவிட்டது என்று மருமகள் நினைத்தாள். நினைத்த அளவுக்குச் சந்தோஷமாக இல்லை.

கணவன் வந்ததும் அறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க அத்தைகிட்ட பேசுங்களேன்."

"நானா? நான் போய்ச் சொன்னா, நாளைக்கு ஜெபத்துல 'பெண்டாட்டிக்குத் தூது போகிறவர்களை'ன்னு எனக்கு ஒரு பத்தி வரும்."

"அப்போ என்ன பண்றது?"

"நீயே கேளு. அம்மா கடிக்க மாட்டாங்க."

"எனக்கு வாய் வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நேத்து வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். இன்னைக்கு மட்டும் தாலந்து, மண்ணு, தோண்டறதுன்னு எங்கிருந்து வந்துச்சாம்?"

அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் வீட்டுச் சந்திப்புக்கு வந்தார். ஒல்லியான இளைஞர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. லிஃப்டில் வந்தும் மூச்சு வாங்கியது, கூச்சத்தால் இருக்கும். மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடும்ப ஜெப நேரம் நெருங்கிவிட்டதால், "நானும் உங்ககூட உக்காந்துக்கறேன், எனக்காக எதையும் மாத்தாதீங்க" என்றார் போதகர்.

எதையும் மாற்றவில்லை. மாமனார் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். உன் சகோதரன் உனக்குத் தவறு செய்தால் அவனிடமே போ, நீயும் அவனும் தனித்திருக்கும்போது அதை எடுத்துச் சொல் என்று இயேசு சொல்லித் தருகிற அதிகாரம் அது. திரும்பத் திரும்ப வருகிற அதிகாரம்தான். வாசித்து முடித்ததும் எல்லாரும் பயபக்தியோடு தலையசைத்தார்கள். பாட்டு முடிந்தது. மாமியார் கண்ணை மூடினார்.

போதகர் இருப்பதால் நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் கூடுதலாகவே நேரம் கிடைத்தது. பிறகு, பழக்க தோஷம், நாக்கு தானாக வீட்டுக்குள் நுழைந்தது. "வாசலுக்குக் குறுக்கே பாதரட்சைகளைக் கழற்றிப் போடுகிறவர்களுக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடும் ஆண்டவரே."

கூடத்தில் ஏதோ அசைந்தது. மருமகள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். போதகர் நாற்காலியிலிருந்து ஓசைப்படாமல் எழுந்துகொண்டிருந்தார். பூனை மாதிரி நுனிக்காலில் நடந்து வாசலுக்குப் போனார். அங்கே குறுக்கே கிடந்தது அவருடைய ஷூ. அதை எடுத்துச் செருப்பு அலமாரியில் சுவரோரமாக, ஜோடி சேர்த்து, நூல் பிடித்தாற்போல் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மருமகளுக்குச் சிரிப்பு நெஞ்சுக்குள் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தேநீர் குடித்துவிட்டு அவர் கிளம்பும்போதுதான் மாமியார் அதைப் பார்த்தார்.

"ஐயா, ஷூவை நீங்க எதுக்கு எடுத்து வச்சீங்க? நான் வச்சிருப்பேனே."

"இல்லம்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க ஜெபிச்சப்போ எனக்கு உணர்த்தப்பட்டுச்சு."

மாமியாருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"ஐயோ, அது உங்களுக்கு இல்லைங்கய்யா. என் பையனுக்கு."

"அவர் இன்னும் வரலையே."

"வரல."

"பரவால்லம்மா. கிளம்பின ஜெபம் யார்கிட்டயாவது சேரணும்ல. எனக்கு வந்துடுச்சு." அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் இதேதான். என் மனைவி சனிக்கிழமை ராத்திரி ஜெபிப்பாங்க, 'ஆண்டவரே, நாளை பிரசங்கம் கேட்கிறவர்களுக்குப் பசி எடுக்கும் முன்னே அதை முடித்தருளும்'னு. நான் கேக்காத மாதிரி இருந்துக்குவேன்."

லிஃப்ட் கதவு மூடும்வரை மாமியார் சிரித்துக்கொண்டே கைகாட்டினார். உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. அலமாரியில் ஷூ இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, இன்னைக்கு வாசிச்சதை இன்னொரு தரம் வாசிங்க."

"முழுசாவா?"

"அந்தத் தனியா போய்ச் சொல்ற இடம்."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். யாரும் தலையசைக்கவில்லை.

"எத்தனை வருஷமா வாசிக்கிறோம்" என்றார் மாமியார். "வாசிச்சு முடிச்சுக் கண்ணை மூடினதும் நேரா அதுக்கு எதிரா செய்யறோம். அந்தப் பிள்ளை எந்திரிச்சுப் போய் ஷூவை எடுத்து வைக்குது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

அப்போதுதான் மகன் உள்ளே வந்தான். பூட்ஸ் வழக்கமான இடத்தில் விழுந்தது. எல்லாரும் அதையே பார்த்ததில் அவன் மிரண்டு போனான்.

"என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"நாளையிலிருந்து இந்த வீட்டுல ஒரு விஷயம்" என்றார் மாமியார். "வீட்டு ஆளுங்க மேல குறை இருந்தா ஜெபத்துல கொண்டு வரக் கூடாது. ஆள்கிட்டயே சொல்லணும். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொல்லணும். நீ பூட்ஸை எடுத்து ஓரமா வை."

"சரிம்மா" என்று அவன் எடுத்து ஓரமாக வைத்தான்.

மாமியார் அசந்துபோனார். இத்தனை வருடம் பரலோகத்தைத் தொந்தரவு செய்தும் நகராத பூட்ஸ்.

வியாழக்கிழமை இரவு ஜெபம் ஆரம்பித்த வேகத்திலேயே முடிந்துவிட்டது. மாமியார் நோயாளிகளையும் விதவைகளையும் பரீட்சைப் பிள்ளைகளையும் ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு, வீட்டு வாசல் வரை வந்து நின்றார். உள்ளே நுழைய வழி இல்லை. "காத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று முடித்துக்கொண்டார். மகன் ஒரு வரி சொன்னான். மருமகள் அரை வரி சொன்னாள். மாமனார் மூன்று ஆமென்களை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார்.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் சின்னவள். அவள் இன்னும் சரியாகச் சம்மணம் போட்டு உட்காரக்கூட இல்லை.

வழக்கமாக ஜெபம் முடியும்போது அடுப்பில் வைத்தது வெந்திருக்கும். அன்று உருளைக்கிழங்கு கல் மாதிரி கிடந்தது. வேகும்வரை நிற்பதைத் தவிர மாமியாருக்கும் மருமகளுக்கும் வேலை இல்லை. சமையலறை சிறியது. ஒருவர் நகர்ந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும்.

நாளை வெள்ளிக்கிழமை. மருமகளுக்கு இத்தனை வருடமாக மற்றவர்களுக்குச் சொல்கிற வாக்கியம் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டுக் குத்தினால் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். சொல்லாமல் குத்தினால்தான் கையை உதறுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அவள் சொல்லாமல் குத்தியிருந்தாள்.

"அத்தை."

"ம்."

"ஒண்ணு சொல்லணும். லேசா குத்தும்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். "ஊசி போடப் போறியா?"

"இல்ல." அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். பிறகு, கண்ணைத் திறந்து வைத்துச் சொல்ல வேண்டும் என்பது ஆளைப் பார்த்துச் சொல்வதுதான் என்று பட்டது. நிமிர்ந்தாள். ரயில் நிலையம், விடிகாலை, சன்னல், சின்னவளின் பின்னல், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் கட்டில் பற்றியும் சொன்னாள். அது தேவையில்லை, ஆனாலும் சொன்னாள். "எனக்கு அந்த வேலை வேணும் அத்தை. நீங்க காலையில பாத்துக்கிட்டாத்தான் முடியும். அதான் கேக்கறேன்."

"இதைத் திங்கக்கிழமையே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் வேண்டாம்னு ஜெபிச்சிட்டீங்களே."

"நான் எப்ப ஜெபிச்சேன்?"

"செவ்வாய்க்கிழமை. வீட்டை மறந்து வெளியே பெரிய ஆசை வைக்காம காப்பாத்துங்கன்னு."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது நீ இல்லம்மா. நான்."

"நீங்களா?"

"கடைக்காரம்மா அவங்க மகளோட போய் இருக்கப் போறாங்க. கடையை என்னை எடுத்து நடத்தச் சொன்னாங்க. சாவியைக் கையில வச்சாங்க. எனக்குத் தலைகால் புரியல. இந்த வயசுல இது பேராசையா, வீட்டை விட்டுட்டு ஆடறோமான்னு ஒரே குழப்பம். தப்புன்னா இந்த ஆசையை எடுத்துப் போடுங்கன்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன். கேட்டு வாயை மூடல, நீ ஆரம்பிச்ச. தாலந்து, மண்ணு, வயசைச் சாக்குச் சொல்றதுன்னு. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடல, இவளுக்கு எப்படித் தெரியும், ஆண்டவர்தான் இவ வாயில வச்சிருக்கார்னு தோணுச்சு. மறுநாள் காலையிலயே போய்ச் சரின்னுட்டேன்."

மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இப்படியே விட்டுவிடலாம். அத்தை சந்தோஷமாக இருக்கிறார். தீர்க்கதரிசி என்ற பெயரோடு அவளும் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது வாக்கியம் நாக்கில் நின்றது.

"அத்தை, இன்னொண்ணு. இது இன்னும் குத்தும். அதை ஆண்டவர் சொல்லல. நீங்க என்னைச் சொல்றீங்கன்னு கோபத்துல, உங்களைக் குத்திக் காட்டத்தான் சொன்னேன்."

மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்னைக் குத்தவா?"

"ஆமா. மன்னிச்சிருங்க."

"வேலை தெரிஞ்சவதான் நீ" என்றார் மாமியார். "குத்தினதே தெரியல. ஒரு சொட்டு ரத்தம் வரல."

முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. மகனுக்கு எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று மருமகளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவளும் சிரித்தாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ எதுக்கு வேணா சொல்லியிரு. எனக்குக் கேட்டது கேட்டதுதான். அவர் நினைச்சா யார் வாயில வேணா வைப்பார். கழுதை வாயிலயே வச்சிருக்கார்."

"ரொம்ப நன்றி அத்தை."

"கோவிச்சுக்காத. வேதத்துல உள்ளதைச் சொன்னேன்."

சிரிப்பு அடங்கியபோதுதான் கணக்கு உதைத்தது. சீருடைக் கடைக்குப் பெற்றோர்கள் பள்ளி திறப்பதற்கு முன்னால் வருவார்கள். சாவி வைத்திருப்பவர்தான் போய்த் திறக்க வேண்டும். இனிமேல் வெயில் ஏறிக் கிளம்புவது நடக்காது. மருமகள் குத்திய குத்தில் அவள் நம்பியிருந்த அத்தையின் காலை நேரமே கைநழுவிப் போயிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் நாளைக்குப் போய் முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார் மாமியார்.

"வேண்டாம் அத்தை. மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நீ சும்மா இரு. கட்டில் எல்லாம் போட்டு வச்சிருக்க மனசுல."

"நீங்க வாக்குக் குடுத்துட்டீங்க. நான் இன்னும் குடுக்கல."

"நான் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேன்" என்று கூடத்திலிருந்து ஹாரன் குரல் வந்தது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மாமனார் செய்தித்தாளை மடியில் போட்டிருந்தார். சமையலறையில் பேசியது எல்லாமே அவர் காதில் விழுந்திருந்தது.

"நீங்களா?" என்றார் மாமியார். "முட்டை அவிக்கத் தெரியுமா?"

"தண்ணியில போட்டா வெந்துட்டுப் போகுது."

"தலை பின்ன?"

"கியர் போடத் தெரிஞ்சவனுக்குப் பின்னல் போடத் தெரியாதா? கத்துக்கிறேன்." அவர் செய்தித்தாளை மடித்தார். குரல் இறங்கியது. "வண்டி ஓட்டின பழக்கம், இப்பவும் இருட்டோட முழிப்பு வந்துடுது. என்ன செய்யறதுன்னு தெரியல. சன்னல்ல நின்னு, கீழ போற ஸ்கூல் வண்டிங்களைப் பாத்துட்டு, அப்புறம் பேப்பரைப் பிரிக்கிறேன்."

மருமகள் தினமும் அந்தச் சன்னலைத் தாண்டித்தான் மகளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவர் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். காற்று வாங்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

"இதை ஏங்க இத்தனை நாளா சொல்லல?" என்றார் மாமியார்.

"யாரு கேட்டா? நீங்க எல்லாம் ஆண்டவர்கிட்ட பேசிட்டிருந்தீங்க. நடுவுல பேசக் கூடாதுல்ல."

வெள்ளிக்கிழமை பெரிய மேடத்தின் அறைக்குப் போய் மருமகள் சரி என்றாள். இரண்டாவது கேள்வியாகக் கட்டில் கேட்டாள். மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்குப் பேச வருமா?" என்றார். கட்டில் கிடைத்தது. அதற்கு விரிப்பு, புதிதாகக் கைமாறிய சீருடைக் கடையிலிருந்து வந்தது. பள்ளிச் சீருடையின் அதே நீலம், மீந்த துணி.

கிளை திறந்த அன்று முதலில் வந்தவர் ஒரு கொத்தனார். மலை மாதிரி ஆள். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அவரைச் சன்னலோரம் படுக்க வைத்தாள். ரயில் ஒன்று போயிற்று. "இப்போ லேசா குத்தும்" என்றாள். "குத்துங்க" என்று அவர் ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாலை வீட்டுக்கு வந்தபோது வாசலில் பூட்ஸ் ஓரமாக இருந்தது; சரியாகச் சொன்னால், ஒன்று ஓரமாகவும் மற்றது கொஞ்சம் யோசனையிலும் இருந்தது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளின் தலையில் மாமனாரின் முதல் பின்னல். காதுக்கு மேலே கிளம்பி, நடுவில் மனம் மாறி, பிடரிப் பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அப்படியே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

மாமனார் வாசித்தார். பாடினார்கள். மாமியார் ஜெபித்தார். இப்போதெல்லாம் அவர் ஜெபத்தில் நோயாளிகளுக்குப் பெயர்கூட இருக்கிறது. மகன் ஒரு வரி சொன்னான். மருமகள் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தப் பின்னல் தெரிந்தது.

"ஆண்டவரே," என்றாள். நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள்.

"மாமா."

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

"கீழ அந்த ரப்பர் பேண்டை இன்னொரு சுத்து சுத்தணும். இல்லன்னா அவிழ்ந்துடும்."

"இன்னொரு சுத்தா? சரிம்மா. நாளைக்குப் போட்டுடறேன்."

"மத்தபடி நல்லா இருக்கு மாமா."

"பொய் சொல்லாத" என்றான் கணவன்.

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. கேட்க எதுவும் மிச்சமில்லை.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றாள்.

மாமனார் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆமென் சொன்னார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.